மாதப்பன் சாலைக்கு நாலு ஆதாரம்

— அந்த முதல் வரியை மட்டும் எடுத்துப்போடுங்க டீச்சர். "கரடிக்காட்டுப் பாதை உருவாகக் காரணமானவர் யார்?" எடுத்த எடுப்புலயே கேள்வி கேட்டா, படிக்கிறவனுக்குச் சந்தேகம் வந்துராதுங்களா?

— கேள்வி என்னோடது இல்லைங்க மாதப்பன் சார். யூனியன் ஆபீஸ் நோட்டீஸ்ல அச்சடிச்சிருக்கிற கேள்வி. தார் போடப்போற ரோட்டுக்கு யார் பேரை வைக்கலாம்னு, குறைஞ்சது நாலு ஆதாரம் காட்டிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்காங்க. கேட்ட கேள்வியை விட்டுட்டு வேற எதைச் சொன்னாலும் மார்க் விழாது.

— பதிலு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், இந்த லாட்ஜுல ரூம் போடுற டூரிஸ்ட்டுக்குக்கூடத் தெரியும். எங்க பாட்டன்! சுருக்கமாச் சொல்லப்போனா, சேர்வராயன் மலை உண்டானதுல இருந்து தொடங்கோணும். அப்பறம் மனுசன் மலையேறினது, காப்பிச் செடி வந்தது, துரைமாருங்க வந்தது, எங்க பாட்டனோட பாட்டன் பொறந்தது...

— ஏனுங்க, இது சுருக்கமா? உங்க பாட்டன் பொறக்கறதுக்குள்ள மரியபுஷ்பம் டீச்சருக்கு ரிட்டையர்மென்ட் வந்துரும். காப்பி ஆறுது, குடிங்க கண்ணு.

— பூவாயி, நீ உள்ள போயி டிபனைப் பாரு.

— டிபன் அதும்பாட்டுக்கு வேகுதுங்க. எங்கப்பன் ஊட்டுச் சேதியா இருந்தா போயிருப்பேன். உங்க பாட்டன் சேதின்னா பக்கத்துல ஒரு ஆளு காவலுக்கு இருக்கோணும்.

— பாத்தீங்களா டீச்சர், இருபத்தஞ்சு வருசமா இந்த எதிர்க்கட்சியோடதான் குடித்தனம் நடத்துறேன். சரி, எச்.எம். அம்மா உங்களை எதுக்கு அனுப்பி வெச்சாங்க? பெற்றோர் சங்கத் தலைவர்ங்கிற முறையில நான் கேட்டேன், நம்ம பள்ளிக்கூடத்துலயே நல்லா எழுதுறவங்க யாருன்னு. உங்க பேரைச் சொன்னாங்க. நல்லா எழுதுறதுன்னா என்னங்க? கேக்குறவன் கண்ணுல தண்ணி வரோணும்.

— அது மேடைப் பேச்சுங்க. இது வரலாற்றுக் கட்டுரை. இதுக்கு ஒரு முறை இருக்கு. முதல் பத்தியிலயே நம்ம வாதம் ஒரே வாக்கியத்துல வந்துடணும். அடுத்த பத்திகள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைத் தோள் கொடுத்துத் தூக்கணும். சும்மா கூட வந்து நிக்கிற பத்தியை வீட்டுக்கு அனுப்பிடணும்.

— அப்ப எழுதிக்குங்க. "மாதப்பன் இல்லையேல் இம்மலையே இல்லை."

— ஆதாரம்?

— நான்தான்! அவரு பேரன், ரத்தமும் சதையுமா முன்னால உட்காந்திருக்கேனே.

— பேரன் சொல்றது ஆதாரம் இல்லைங்க சார். ஆசை.

— நல்லாக் கேளுங்க கண்ணு. அந்த ஆசை எதுலன்னும் கேளுங்க. பாட்டன் பேரும் மாதப்பன், இவரு பேரும் மாதப்பன். ரோட்டு முக்குல "மாதப்பன் சாலை"ன்னு கல்லு நட்டா, பாக்கிறவன் செத்துப்போன பாட்டனையா நெனைப்பான்? கல்லுக்குப் பக்கத்துலயே "மாதப்பன் லாட்ஜ், வெந்நீர் வசதி உண்டு"ன்னு போர்டு நிக்குது.

— அதுல தப்பென்ன? குடும்பப் பேரு. கோடை விழாவுல கலெக்டர் வந்து கல்லைத் தெறக்கப்போறாரு. இந்த எண்பத்தாறுல விட்டா இனி ஜென்மத்துக்கும் வராது. டீச்சர், எனக்கு அந்தக் கல்லு வேணும். லாட்ஜ் இருக்குது, காப்பித் தோட்டம் இருக்குது, ஜீப் இருக்குது. ஆனா நாளைக்கு நான் செத்தா, "அட, யாரோ ஒரு லாட்ஜ்காரன் போயிட்டான்"ம்பாங்க. கல்லுல பேரு இருந்தா அப்படிச் சொல்ல முடியுமா?

— முடியாதுங்க. அப்போ நமக்குக் கிடைச்ச ஆதாரங்களை ஒவ்வொண்ணா எடை போடுவோம். முதல்ல இந்த போட்டோ.

— அடடா, பாருங்க! தோள்ல மண்வெட்டி, பின்னால மலை. பாதை போடுறப்ப எடுத்தது.

— மலை துணியில வரைஞ்சதுங்க. கீழே சுருக்கம் தெரியுது பாருங்க. சேலத்துல ஏதோ ஸ்டுடியோவுல எடுத்திருக்காங்க. கால்ல புதுச் செருப்பு. மண்வெட்டியில ஒரு பொட்டு மண்ணு இல்லை.

— தொடைச்சுப்போட்டு எடுத்திருப்பாரு. எங்க குடும்பம் சுத்தத்துக்குப் பேர்போனது.

— ஒரு ஆதாரம் கைக்கு வந்தா மூணு கேள்வி கேட்கணும் சார். யார் சொன்னது, எப்போ சொன்னது, யாருக்குச் சொன்னது. இந்தப் படத்தைக் கேட்டா அது என்ன சொல்லும்? "நான் பாதை போட்டேன்"னு சொல்லாது. "பாதை போட்டவனா என்னை நாலு பேர் நினைக்கணும்"னு சொல்லும். அதுவும் வரலாறுதான், அப்படித்தான் எழுதியிருக்கேன்.

— அப்படியேவா எழுதிப்போட்டீங்க?

— ரெண்டு வரிதாங்க.

— ஏனுங்க, நீங்களும் போன வருசம் ஏரியில துடுப்பைப் புடிச்சுக்கிட்டு போட்டோ எடுத்தீங்களே. படகு கரையில கட்டிக் கெடந்துச்சு. அதையும் டீச்சருகிட்டக் குடுத்துப்பாக்கலாமா?

— பூவாயி!

— அடுத்தது, எஸ்டேட்டுத் துரை கம்பெனிக்கு எழுதின வருசாந்தர அறிக்கை. இதுல பாதையை முழுக்கத் தன் முயற்சியால போட்டதாத் துரை எழுதியிருக்கார்.

— பொய்யி! அந்தாளு குதிரையை விட்டுக் கீழ எறங்கினதே இல்லை.

— கோபப்படாதீங்க. யாருக்கு எழுதினாரு? சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கு. அங்கே தன்னைப் பெருசாக் காட்டாம இருப்பாரா? அதனால அவர் தன்னைப் பத்திச் சொல்றதுல பாதியைக் கழிச்சுடலாம். ஆனா தனக்குப் பிரயோசனம் இல்லாத ஒரு விஷயத்தைப் போகிறபோக்குல சொன்னா, அதைக் கெட்டியாப் புடிச்சுக்கணும். உங்க பாட்டனைப் பத்தி ஒரு வரி வருது.

— வருதுல்ல! வாசிங்க, வாசிங்க.

— "இந்த மாதப்பன் என்பவனோடு பேச உட்கார்ந்தால் பொழுதுதான் போகிறது, காரியம் நடப்பதில்லை."

— அட, துரை அப்பவே இந்தக் குடும்பத்தைக் கரெக்டாப் புடிச்சுப்போட்டானே! நான் தாலி கட்டிக்கிட்ட பொறகுதான் கண்டுபுடிச்சேன்.

— டீச்சர், அதை நீங்க தமிழ்ல போடுறப்போ "நிதானமானவர், ஆழ்ந்து யோசிப்பவர்"னு போட்டுருங்க.

— போட முடியாதுங்க. துரை சொன்னதை நான் மாத்தினா, அப்புறம் நான் சொல்றதை நடுவர் எதுக்கு நம்பணும்? ஆனா அடுத்த வரியைக் கேளுங்க. "இவனுடைய நிலத்தைத் தாண்டாமல் கரடிக்காட்டுக்குப் பாதை போக வழியே இல்லை." நமக்கு வேண்டியது இதுதான். திட்டிக்கிட்டே ஒத்துக்கிட்டாரு.

— திட்டை விட்டுப்போட்டு, ஒத்துக்கிட்டதை மட்டும் எடுத்துக்க முடியாதா?

— திட்டு இருக்கிறதாலதாங்க ஒத்துக்கிட்டதுக்கு மதிப்பு. அப்புறம் எதிர்த்தரப்பு. சின்னசாமியோட பாட்டன் அங்கப்பன் மேஸ்திரி, ஆளுகளைக் கூட்டிட்டு வந்து பாறையை உடைச்சவர். அவங்க வீட்டுல அவரோட கடப்பாரையை இன்னும் வெச்சிருக்காங்க. நான் போய்ப் பார்த்தேன்.

— எதுத்தாப்புல டீக்கடை வெச்சிருக்கானே, அந்தச் சின்னசாமி ஊட்டுக்கா? நான் காப்பி குடுத்து, நீங்க அங்க போயி டீ குடிச்சீங்களா?

— டீ குடிச்சேன், குறிப்பும் எடுத்தேன். அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அதுக்கு ஒரு பத்தி எழுதியிருக்கேன்.

— டீச்சர், நான் ஹோட்டல் நடத்துறவன். எங்க கடை போர்டுல, "பக்கத்துக் கடை தோசையும் நல்லா இருக்கும்"னு எழுதுவனா?

— நடுவர் வர்றது ரெண்டு கடையிலயும் சாப்பிட்டுப் பார்க்கங்க. ரிட்டையர் ஆன சரித்திரப் பேராசிரியர். சின்னசாமி பக்கத்தை நாம சொல்லாம விட்டா, "இவங்களுக்கு அது தெரியலை, இல்லேன்னா மறைக்கிறாங்க"ன்னு நினைப்பார். நாமளே சொல்லி, எடை போட்டு, அப்படியும் நம்ம தட்டு ஏன் தாழுதுன்னு காட்டணும். பாறையை உடைச்சவர் அங்கப்பன், சரி. ஆனா இடம் இல்லாம எந்தப் பாறையை உடைக்கிறது? இடம் கொடுத்தது யாருங்கிறதுதான் நம்ம வாதம்.

— இப்பப் புடிச்சீங்க! இடம் குடுத்தது! அதான் விசயம். சின்னசாமிக்கு எழுதிக் குடுக்க ஒரு ஆளு இல்லை, தெரியுமுங்களா? மவனை உட்கார வெச்சு எழுதச் சொன்னானாம். அந்தப் பையன் ஒரு பக்கம் எழுதி, மிச்சத்துக்குக் கடப்பாரையைப் படம் வரைஞ்சு வெச்சிருக்கானாம்.

— மூணாவது ஆதாரம், செம்மநத்தம் ஊருல கேட்ட பாட்டு.

— அது எங்க சித்தி பாவாயி பாடுனதுங்க. நான்தான் டீச்சரம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். பாதைக்குக் கல்லு சுமந்த பொம்பளைங்க அவங்கம்மா காலத்துல பாடுனது. பாடட்டுமா?

— காலங்காத்தால லாட்ஜுல பாட்டா? டூரிஸ்ட்டுங்க எந்திரிச்சு வந்துருவாங்க.

— வரட்டுமுங்க, ரூம்ல டி.வி.தான் தெரியறதில்லை, இதையாச்சும் கேக்கட்டும்.

கல்லு சுமந்தமடி கரடிக்காட்டுப் பட்டியில
கஞ்சிய ஊத்துனாங்க ஓட்ட விழுந்த சட்டியில
மாதப்பன் குடுத்தாரு மண்ணெல்லாம் ஊருக்கு
மறுகஞ்சி கேட்டா மட்டும் காதில்லை அவருக்கு

— நிறுத்து, நிறுத்து! டீச்சர், மூணாவது வரியை மட்டும் வெச்சுக்குங்க. மிச்சம் மூணும் இலக்கணப் பிழை.

— நாலு வரியும் வேணுங்க. துரை எழுதினாரு, உங்க குடும்பத்துல படம் எடுத்து வெச்சாங்க, சின்னசாமி வீட்டுல கடப்பாரை வெச்சாங்க. கல்லைத் தலையில சுமந்தவங்க எதுவும் எழுதி வெக்கலை. எந்தக் குரல் காணோம்னு தேடிப் பிடிக்கிறதும் இந்த வேலையில சேர்ந்ததுதான். அதோட யோசிச்சுப் பாருங்க. புகழ்ந்து பாடியிருந்தா, கூலிக்குப் பாடினதுன்னு தள்ளிடலாம். வயிறு எரிஞ்சு பாடுறவங்களே "மண்ணெல்லாம் ஊருக்குக் கொடுத்தாரு"ன்னு சொன்னா, அதை யாராலயும் அசைக்க முடியாது.

— அசைக்க முடியாது... ஆமா. ஆமாங்க. கஞ்சி ஊத்தலைங்கிறவளே மண்ணு குடுத்தான்ங்கறா. நல்ல மூளைங்க உங்களுக்கு.

— இருந்தாலும் எனக்கு ஒரு குறை. படம் ஆசை, அறிக்கை பாதி உண்மை, பாட்டு வாய்வழி. இந்த மூணையும் சேர்த்துக் கட்ட ஒரு நல்ல கயிறு வேணும். எழுத்துல, அந்தக் காலத்துலயே எழுதினதா, சம்பந்தப்பட்டவரே எழுதினதா ஒண்ணு. இன்னைக்குள்ள கிடைச்சா நல்லது. நாளை சாயந்தரத்தோட கடைசி.

— இவ்வளவுதானா? தலையைத் தூக்கி எனக்குப் பின்னால சுவத்தைப் பாருங்க.

— காலண்டருங்களா?

— காலண்டருக்குப் பக்கத்துல, கண்ணாடி போட்டு மாட்டியிருக்குது பாருங்க. எங்க பாட்டன் எழுதிக் குடுத்த தானப் பத்திரம்! ரூம் போட வர்ற அத்தனை பேருக்கும் காட்டுவேன். பூவாயி, அந்த ஸ்டூலைப் போடு.

— எதுக்குங்க அதை எறக்கிக்கிட்டு? ஆணி புடுங்கினா காரை பேரும்.

— பேரட்டும். இந்தாங்க டீச்சர், தொடைச்சுப்போட்டுப் பாருங்க. "ஸ்ரீமான் மாதப்பன் அவர்கள் தர்ம சிந்தையினால்..." இந்த ஒரு வரிக்காகத்தான் சேலத்துக்குக் கொண்டுபோயி ஃபிரேம் போட்டேன்.

— இதுக்குப் பின்னால இன்னொரு தாள் இருக்கே, சார். பார்த்திருக்கீங்களா?

— அது என்னமோ எல்லை, அளவு, சாட்சி. எழுத்தும் பொடிப்பொடியா இருக்குது. பாக்கறதுக்கு அவ்வளவு லட்சணமா இல்லைன்னு உள்ள மடிச்சு வெச்சுப்போட்டான் ஃபிரேம்காரன்.

— ஒரு நிமிஷம்... சார், இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. பெருமைக்கு எழுதினதை நம்ப யோசிக்கணும். இழக்கிறவன் கையெழுத்துப் போட்டு எழுதினதை நம்பலாம். வாசிக்கிறேன், கேளுங்க. "பாதைக்கும், பாதையோரம் சந்தை கூடும் திடலுக்கும், கால்நடைகள் தண்ணீர் குடிக்கும் சுனைக்குமாக மூன்று ஏக்கர் நிலத்தை, எனக்கும் என் வாரிசுகளுக்கும் இனி எக்காலத்திலும் எந்தப் பாத்தியதையும் இல்லாதபடி, ஊர்ப் பொதுவுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தேன்."

— இன்னொருக்கா வாசிங்க.

— எல்லாத்தையுமா?

— அந்த "எக்காலத்திலும்"ல இருந்து. ஆகா! கேட்டியா பூவாயி? மனுசன் எப்படிக் குடுத்திருக்காரு பாரு! வாரிசுகளுக்கும் ஒண்ணும் வெக்காமக் குடுத்திருக்காரு. அந்த வரிக்கு அடிக்கோடு போடுங்க டீச்சர்.

— ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா...

— நீ சொல்லாத. டீச்சர், ஒரு கோடு போதாது. ரெண்டு போடுங்க.

— போட்டாச்சுங்க. எல்லை நாலும் தெளிவா இருக்கு. கிழக்கே பாதை, மேற்கே பெரிய பாறை, வடக்கே ஓடை, தெற்கே கோயில் மரம். இந்த இடம் இப்போ எங்கே இருக்குன்னு நானே போய்ப் பார்த்து ஒரு படம் போட்டாத் தேவலை. பழைய பத்திரம் சொல்றதும் இன்னைக்குத் தரை சொல்றதும் ஒத்துப்போச்சுன்னா கட்டுரை முடிஞ்சது. எப்படிப் போகணும்?

— போறதா? நீங்க உட்காந்திருக்கிறதே அங்கதானே!

— இங்கேயா?

— சந்தை டவுனுக்குப் போனதுக்கப்பறம் எடம் முள்ளு மொளைச்சுக் கெடந்துச்சுங்க. எங்கப்பா வேலி போட்டாரு. நான் லாட்ஜ் கட்டினேன், காப்பி வெச்சேன். அந்தப் பாறை நம்ம சமையக்கட்டுச் சுவரு. சுனைத் தண்ணியிலதான் பதினாலு ரூமும் குளிக்குது. எங்க பாட்டன் கை வெச்ச எடம் வத்துமா?

— சார், இதையும் கட்டுரையில எழுதணுமா?

— என்ன இப்படிக் கேட்டுப்போட்டீங்க? பாட்டன் குடுத்த எடத்தைப் பேரன் எப்படிக் கட்டிக் காப்பாத்துறான்னு ஊருக்குத் தெரிய வேண்டாமா? மத்தவன் பாட்டன் குடுத்திருந்தா இந்நேரம் புல்லு மொளைச்சிருக்கும்.

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எழுதினா, இருக்கிறது இருக்கிறபடிதான் எழுதுவேன். உங்களைத் "தகவல் தந்தவர்"னு போட்டுக் கையெழுத்தும் வாங்கணும்.

— கையெழுத்தா? ஒவ்வொரு பக்கத்துலயும் போடுறேன், குடுங்க. படத்தையும் நானே போடுறேன். பூவாயி, பாப்பாவோட கலர் பென்சிலை எடுத்தா.

— ஏனுங்க, என்ர பேச்சைக் கொஞ்சம் காதுல வாங்குங்க. குடுத்தாச்சுன்னு கையெழுத்துப் போட்ட எடத்துல...

— குடுத்தது யாரு? எங்க பாட்டன். அவரு பேரன் யாரு? நான். குடுத்தவன் பேரனுக்கு இல்லாத உரிமையா? நீ போயி பென்சிலை எடுத்தா. பாதைக்கு மஞ்சள். ஓடைக்கு நீலம். லாட்ஜுக்குச் செவப்பு. அம்புக்குறி போட்டு "மாதப்பன் லாட்ஜ்"னு பெருசா எழுதிரோணும்.

— பெருசாவே எழுதிக்கலாங்க.

*

— வாங்க டீச்சர், வாங்க! மழையில நனைஞ்சுட்டீங்களே. குடுத்தாச்சா?

— குடுத்தாச்சுங்க மாதப்பன் சார். உறையில போட்டு முத்திரையும் வெச்சாச்சு, ரசீது இந்தாங்க. முத்திரை வெக்கிறதுக்கு முன்னாடி ஆபீசர் கையிலயே வாங்கிப் புரட்டிப் பார்த்தாரு.

— என்ன சொன்னாரு?

— "இத்தனை வருஷ சர்வீஸ்ல, சொன்ன ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் காட்டின பேப்பரை இப்பத்தான் பார்க்கிறேன்"னாரு. நீங்க வரைஞ்ச படத்தை நொம்ப நேரம் பார்த்தாரு.

— நான் சொல்லலை? கலர் பென்சில்!

— உள்ளே இருந்த சர்வேயரையும் கூப்பிட்டுக் காட்டினாரு. ரெண்டு பேரும் சன்னல்கிட்ட வெளிச்சத்துல வெச்சுப் பார்த்தாங்க. அப்புறம் என்கிட்ட, "இந்தக் கட்டுரைக்கு முதல் பரிசு வந்துடுச்சுன்னா, மறுநாளே சங்கிலி எடுத்துக்கிட்டு மாதப்பன் லாட்ஜுக்கு வந்துடுறோம்"னு சொன்னாரு சர்வேயர்.

— பூவாயி! கேட்டியா? மறுநாளே கல்லு நட வர்றாங்களாம். இன்னைக்குக் கேசரி கிண்டு. டீச்சருக்கு ரெண்டு கரண்டி நெய்யி ஊத்தி...

— ஏனுங்க.

— என்ன?

— கல்லு நடறதுக்கு மம்முட்டி போதுங்க. சங்கிலி எதுக்கு?

— எதுக்குன்னா... அது சர்க்காரு வழக்கம். எதையும் அளந்துதான் நடுவாங்க. இல்லீங்களா டீச்சர்?

— நானும் கேட்டேன் சார். பஸ் திரும்ப இடம் இல்லாமத்தான் இத்தனை வருஷமா கரடிக்காட்டுக்கு பஸ் விடலையாம். அந்தப் பக்கத்துச் சனங்க நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிட்டு வர்றாங்க இல்லையா, ஆஸ்பத்திரி கட்டவும் பொது இடம் தேடிக்கிட்டு இருந்தாங்களாம். "மூணு ஏக்கர், ரோட்டோரம், தண்ணி வசதியோட. அதுவும் வாரிசே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார்"னு ஆபீசர் அப்படிச் சந்தோஷப்பட்டாரு.

— எந்த மூணு ஏக்கர்?

— செவப்பு கலர் அடிச்சதுங்க.

— டீச்சர்... நீங்க இதை எனக்குச் சொல்லலியே.

— ரெண்டு தடவை கேட்டேன் சார். பூவாயியக்கா மூணு தடவை.

— நான் நாலு தடவைங்க. நீங்க எண்ணலை. நீங்க டிபனைப் பாருன்னு தொரத்துனப்போ சொன்னதையும் சேர்த்துக்கோணும்.

— அந்தப் பத்திரம் செல்லாதுன்னு எழுதிக் குடுத்துரலாம். பாட்டனுக்கு அப்போ புத்தி சரியில்லை. சாராயம் குடிப்பாரு. கையெழுத்து அவரோடதே இல்லை!

— அதையெல்லாம் நான் மூணு பக்கத்துல பார்த்துட்டேனே சார். பத்திரம் அந்தக் காலத்துலயே எழுதினதுதான்னு துரை அறிக்கையை வெச்சுக் காட்டியிருக்கேன், ரெண்டுலயும் ஒரே வருஷம். இடத்தைக் கொடுத்தது உண்மைன்னு பாட்டை வெச்சுக் காட்டியிருக்கேன். எல்லை சரியானதுன்னு உங்க படத்தை வெச்சுக் காட்டியிருக்கேன். ஒண்ணை ஒண்ணு தாங்கி நிக்குது. யாரும் அசைக்க முடியாத மாதிரி இருக்கணும்னு நீங்கதானே ஆசைப்பட்டீங்க?

— அவ்வளவு நல்லாவா எழுதினீங்க?

— இதுவரைக்கும் நான் எழுதினதுலயே நல்ல கட்டுரை அதுதாங்க.

— நானே போயித் திருப்பி வாங்கிட்டு வந்துர்றேன். ஜீப் சாவி எங்க?

— கொடுத்ததைத் திருப்பி வாங்க விதி இல்லைங்க. நோட்டீஸ்லயே இருக்கு. ஜெயிச்ச கட்டுரையைத்தான் சரித்திர ஆதாரமா ஆபீஸ் கோப்புல சேர்ப்பாங்களாம். தோத்தது எல்லாத்தையும் ஒரு நகல்கூட வெச்சுக்காம எழுதினவங்ககிட்டயே தபால்ல அனுப்பிடுவாங்களாம்.

— தோத்ததைத் திருப்பி அனுப்பிருவாங்க...

— ஆமாங்க.

— சர்வேயரு, ஜெயிச்சாத்தான் வருவேன்னாரா?

— அப்படித்தான் சொன்னாரு.

— ஏனுங்க, மொகம் என்னமோ போலப் போகுதே. தண்ணி குடிக்கிறீங்களா? போச்சாதுங்க, விடுங்க. கல்லுல பேரு வரும்ல? பஸ் ஸ்டாண்டு நடுவுல நின்னுக்கிட்டுப் பாத்துக்குவீங்களாம்.

— வாயை மூடு பூவாயி. எனக்குக் கணக்கு புரிஞ்சுபோச்சு. டீச்சர், போட்டி நாளை சாயந்தரம் வரைக்கும் உண்டுன்னு சொன்னீங்கள்ல?

— சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும்.

— இதுவரைக்கும் எத்தனை பேரு குடுத்திருக்காங்க?

— நம்மளது ஒண்ணுதாங்க.

— அப்பச் சரி. கேசரி இருக்கட்டும் பூவாயி, டீச்சருக்குச் சோறு போடு. டீச்சர், நீங்க புதுசா ஒரு பேப்பரை எடுத்து, சின்னசாமியோட பாட்டன் அங்கப்பன்தான் இந்தப் பாதையை உண்டாக்கினாருன்னு, காலையில எழுதினதைத் தோக்கடிக்கிற மாதிரி ஒரு கட்டுரை எழுதுங்க, ஆதாரமெல்லாம் நான் தர்றேன்.